எட்டுப் புகைபோக்கிகள்

புளியந்தீவில், வாவிக்கு முதுகைக் காட்டி
எட்டுக் கதவு, எட்டுப் படி, எட்டுப் புகைபோக்கி.
நாடாவின் ஒரு நுனி ஜெயந்திரன் கையில்,
மறு நுனி என் கையில்.
நூற்றிருபத்தாறு அடி நாலு அங்குலம்.
வைகாசி வெயில் சுண்ணாம்பில் பட்டுக்
கண்ணுக்குள் திரும்புகிறது.

வாசல் வளைவுக்கு மேலே
மிஷன் காலத்துத் தமிழ், கல்லில்:
"நற்சீவியமுள்ள வறியோர் எண்மர்க்கு
திருமதி ஹார்விக் உபகாரமாய்க் கட்டுவித்தது."
உபகாரத்தின் 'கா'வுக்குள்
குளவி கூடு கட்டியிருக்கிறது.

வரைபடம் கப்பலில் வந்ததாம்,
பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரிலிருந்து.
பனி வழுக்கி விழக் கூரைச் சரிவு,
குளிர் நுழையாதிருக்கச் சின்னச் சன்னல்,
அறைக்கொரு கணப்பு, கணப்புக்கொரு புகைபோக்கி.
மேசன் சீனித்தம்பி கேட்டிருப்பான்,
"இதுக்குள்ள எதத்தான் ஐயா எரிக்கிற?"
பதில் வர மூன்று மாதம்.
அதற்குள் கட்டி முடித்துவிட்டான்.

எழுபத்தெட்டுச் சூறாவளி
ஓடு முழுவதையும் வாரிக்கொண்டு போனது.
புகைபோக்கிகள் நின்றன,
வாசலில் கடன்காரர் எட்டுப் பேர் போல.

என் படிவத்தில் ஒரு நிரல்: பயன்பாடு.
முதலாம் அறைக் கணப்பில் அரிசி வாளி.
இரண்டில் மாதா சொரூபம், பற்றறி விளக்கு.
மூன்று, பூட்டு.
நான்கில் ஆதம்பாவா, முன்னாள் வள்ளக்காரர்,
செருப்பு வைக்கிறார்.
"வெள்ளக்காரன் என்ட செருப்புக்கு வீடு கட்டித் தந்திருக்கான்."
விரல் விட்டுப் பார்த்தேன், எங்கும்
செங்கல் செங்கலாகவே இருந்தது.
வௌவால் புழுக்கை. கரி இல்லை.

ஐந்தாவதில் விரல் கறுத்தது.

தங்கநேசம் கட்டிலில் இருந்து பார்த்தாள்.
ஆஸ்பத்திரி லோன்றியில் முப்பது வருசம்,
சோடா அரித்த நகங்கள்.
"துடைக்காத புள்ள."

பிறகு, நான் கேட்காமலே:
"தொண்ணூறாம் ஆண்டு. இந்த அறையில அப்ப ரகல் இருந்தவர்,
மணிக்கூடு திருத்துற பறங்கி.
வளவுக்குள்ள எரிச்சா வெளிச்சம் தெரியும்.
படலையால வராம வாவிப் பக்கத்தால வந்த நாங்க.
நானும் இன்னும் அஞ்சு பொம்புளயளும்.
சேலைக்குள்ள படங்கள்.
போனதுகள்ற, போகாததுகள்ற,
தேடி வாறவனுக்கு எல்லாம் ஒண்டுதான்.
படம் எரியக்குள்ள சுருளும், தெரியுமா?
முகம் கடைசியாத்தான் போகும்."

ரகல் விசிறவே இல்லையாம். காற்று தானாக இழுத்ததாம்.
நூறு வருசம் சும்மா நின்ற புகைபோக்கி
முதல் நாளே சரியாக வேலை செய்ததாம்.

அறுபது முடிந்ததும் மனுக் கொடுத்திருக்கிறாள்.
முதலாம் அறை காலி, காற்றோட்டமானது, என்றார்களாம்.
ஐந்து காலியாகும்வரை
இரண்டு வருசம் தங்கச்சி வீட்டு விறாந்தையில் படுத்தாள்.

ஜெயந்திரன் கேட்டுவிட்டான்,
"மகன்ட படம் ஒண்டும் மிஞ்சல்லயா?"
அவள் கணப்பைக் காட்டினாள்.
"கிடக்குத்தானே."

நாடாவைச் சுருட்டினோம். பாதியில் சிக்கியது.
பரிந்துரை நிரலில் அலுவலகம் முன்னமே அச்சடித்திருந்தது:
காலநிலைக்கு ஒவ்வாத அம்சம், அகற்றலாம்.
அதன் மேல் ஒரு கோடு போட்டேன்.
அகலம் இரண்டடி ஒன்பது. ஆழம் ஒன்றரை.
பயன்பாடு: ஒரு தடவை.
உயரம் எழுதவில்லை,
அதற்கு ஏணி வேண்டும்.
ஏணி கல்லடியில், வேறு வேலையில் நிற்கிறது.